ஆரஞ்சு கவுண்டியில் ஆடிட்டர் இருந்தாரா?

வணக்கம். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 1994இல் திவாலானதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கருவூல அதிகாரி ஊர்ப் பணத்தை வைத்து விளையாடினார், சரி. அங்கே தணிக்கை அலுவலகம் ஒன்று இருந்திருக்குமே, அது என்ன செய்துகொண்டிருந்தது?
க.

அன்புள்ள க.,

இருந்தது. கருவூல அதிகாரி ராபர்ட் சிட்ரனைப் போலவே அங்கே ஆடிட்டரும் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்தான். அதனால் ஒருவருக்கு மற்றவர் கட்டுப்பட்டவர் இல்லை. போதாக்குறைக்குச் சம்பளம் போடுவது, பில் பாஸ் செய்வது, பேரேடு எழுதுவது, அந்தக் கணக்கையே தணிக்கை செய்வது எல்லாமே அந்த ஒரே அலுவலகத்தின் பொறுப்பு.

கருவூலத்தில் உள்ள பணத்தை எண்ணி, பேரேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அங்கே கவுண்டி ஆடிட்டரின் பழைய கடமை. பணம் பெட்டகத்தில் இருந்த காலத்துக்கு அது போதும். சிட்ரன் என்ன செய்தார் என்றால், பள்ளிகள், நகரசபைகள், குடிநீர் வாரியங்கள் என்று கிட்டத்தட்ட 190 அமைப்புகள் நம்பிக் கொடுத்த சுமார் 750 கோடி டாலரில் கடன்பத்திரம் வாங்கி, அதை அடமானம் வைத்துக் கடன் எடுத்து, அதில் மேலும் பத்திரம் வாங்கி, முதலீட்டை 2,000 கோடி டாலருக்கு ஊதிவிட்டார். பிப்ரவரி 1994இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியதும் பத்திரங்களின் சந்தை விலை சரிந்தது. பேரேட்டிலோ வாங்கிய விலைதான் இருந்தது. எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்!

ஆனால் யாருக்குமே தெரியாது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வருடத் தேர்தலில் சிட்ரனை எதிர்த்து நின்ற ஜான் மூர்லாக் என்ற கணக்காளர் இந்த ஆபத்தை வெளிப்படையாகவே சொன்னார். ஜூனில் சிட்ரன்தான் ஜெயித்தார். டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு போட்டது. நஷ்டம் சுமார் 164 கோடி டாலர். வட்டி எந்தப் பக்கம் போகும் என்று சிட்ரன் ஜோதிடரிடமும் கேட்டிருக்கிறார் என்பது அப்புறம் கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. பள்ளிக்கூடத்துப் பணம் அது, நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

திவாலுக்குப் பிறகு உள்தணிக்கைப் பிரிவை ஆடிட்டரிடமிருந்து பிரித்து, கவுண்டியை நிர்வகிக்கும் ஐந்து பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழுவுக்கு நேரடியாக அறிக்கை தரும்படி மாற்றினார்கள். பிற்பாடு அது ஆடிட்டரிடமே திரும்பிப் போய், மறுபடி குழுவிடம் வந்தது.

எனக்கு இதிலும் முழுத் திருப்தி இல்லை. சிட்ரனின் நிதியில் போடுவதற்காகவே 60 கோடி டாலர் கடன் வாங்க 1994இல் ஒப்புதல் தந்தது அதே மேற்பார்வையாளர் குழுதான். தணிக்கை அறிக்கை குழுவின் மேசைக்குப் போகிற அன்றே வாக்காளர் கையிலும் கிடைக்க வேண்டும், தேர்தல் நேரத்தில் கட்டாயம் கிடைக்க வேண்டும் என்பேன். மூர்லாக் தனியாளாகக் கத்தியதை, ஜூனுக்கு முன்பே ஆடிட்டர் கையெழுத்தோடு மக்கள் படித்திருக்க வேண்டும்.