தியோடர் ரூஸ்வெல்ட் பற்றிய உரைக்கு அந்த ஒரு வேலைநிறுத்தம் போதும்

பத்து நிமிடக் கல்லூரி உரையில் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் எல்லாச் சீர்திருத்தங்களையும் அடக்க முடியவில்லை, எதை வெட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் பட்டியலில் இருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை வெட்டுங்கள். அது 1935-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டுவந்தது, ஆளே வேறு.

உணவு, மருந்துச் சட்டம், காடுகள் பாதுகாப்பு எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, 1902 நிலக்கரி வேலைநிறுத்தத்தை விரிவாகச் சொல்லுங்கள். பென்சில்வேனியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுரங்கத் தொழிலாளர்கள் மே மாதத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை, குளிர்காலமோ நெருங்குகிறது, நகரங்களில் வீட்டில் எரிக்கக் கரி இல்லை. 1894 ரயில்வே வேலைநிறுத்தத்தை உடைக்க அன்றைய அதிபர் கிளீவ்லாந்து படையையே அனுப்பியிருந்தார். தியோடர் ரூஸ்வெல்ட்டோ 1902 அக்டோபர் 3 அன்று இரு தரப்பையும் வாஷிங்டனுக்கு அழைத்தார், அதுவும் வண்டி விபத்தில் கால் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபோது. சங்கத் தலைவர் ஜான் மிட்செலுடன் பேசவே மாட்டோம் என்றார்கள் முதலாளிகள். ராணுவத்தை வைத்துச் சுரங்கங்களை அரசே நடத்த இவர் தயாரானார், பெரும் வங்கியாளர் ஜே.பி. மார்கனும் நடுவில் வந்தார், அப்புறம்தான் முதலாளிகள் விசாரணைக் குழுவுக்கு இறங்கி வந்தார்கள். அதிலும் தொழிலாளர் பிரதிநிதி கூடாது என்று அடம்பிடிக்க, ரயில்வே சங்கத் தலைவர் ஒருவரைச் 'சமூகவியலாளர்' இடத்தில் ரூஸ்வெல்ட் நியமித்துவிட்டார்! இந்த இடத்தில் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

1903-இல் 10 சதவீதக் கூலி உயர்வு வந்தது, வேலை நேரமும் குறைந்தது, ஆனால் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. அதை மறைக்காதீர்கள். 1906-இல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டு விவகாரத்தில் 167 கறுப்பினப் படைவீரர்களை வழக்கு விசாரணையே இல்லாமல் ராணுவத்திலிருந்து நீக்கியவரும் இவர்தான், அதற்கும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.