டிஸ்க் கையில் இருக்கிறது, கேம் அதில் இருக்கிறதா?

கேள்வி: பல வருடங்களாக கேம்களை டிஸ்க்காகவும் கார்ட்ரிட்ஜாகவும் வாங்கிச் சேர்க்கிறேன். இப்போது சில பெட்டிகளைத் திறந்தால் டவுன்லோட் கோட் அச்சிட்ட தாள்தான் இருக்கிறது. பேசாமல் டிஜிட்டலுக்கே மாறிவிடலாமா? பழைய கார்ட்ரிட்ஜ்களில் உள்ள சேவ்களை (விளையாடிய இடம் வரையிலான பதிவுகளை) எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: மொத்தமாக மாற வேண்டியதில்லை. ஒவ்வொரு கேமையும் தனியாகப் பாருங்கள்: நெட் இல்லாமல் அது ஓடுமா?

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-வின் 'கேம்-கீ கார்டு' பெட்டிகளில் முன்பக்கம் கீழே சாவிப் படம் இருக்கும். அந்தக் கார்டில் கேம் கிடையாது. முழுவதையும் டவுன்லோட் செய்துவிட்டு, விளையாடும்போதெல்லாம் கார்டையும் செருகியிருக்க வேண்டும். கைமாற்றி விற்கலாம் என்பதால் கோட் தாளுக்கு இது எவ்வளவோ மேல். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கைப் போட்டாலும் இதே கதைதான், கேம் நெட்டிலிருந்துதான் இறங்கும்.

பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். ஏற்கெனவே இன்ஸ்டால் செய்திருந்தால் கேமை நீக்குங்கள். அப்டேட்டும் அதோடு போய்விடும். வைஃபையை அணைத்து, லேன் கேபிளையும் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கிலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்து புதிய ஆட்டம் தொடங்குங்கள். முதல் கட்டத்தோடு நிறுத்தாதீர்கள். சில டிஸ்க்குகளில் தொடக்கப் பகுதி மட்டும்தான் இருக்கும். புதிய அப்டேட்டில் எடுத்த பழைய சேவ் இதில் திறக்காமல் போகலாம், அதற்காக டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம்.

சர்வரை நம்பி ஓடும் கேம் என்றால் டிஸ்க்கும் கைகொடுக்காது. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் மூடப்பட்டன. டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதன் பிறகு விளையாட முடியவில்லை.

டிஜிட்டலில் வாங்குவதானால் பிசியில் ஜிஓஜி மாதிரி ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தரும் கடைதான் என் தேர்வு. இன்ஸ்டாலரோடு வரும் '.bin' கோப்புகளில் ஒன்று விட்டுப்போனாலும் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் இறக்கி, இரண்டு தனித்தனி டிரைவ்களில் வைத்து, நெட்டைத் துண்டித்து ஒருமுறை நிறுவிப் பாருங்கள். ஸ்டீமின் பேக்கப் இதற்கு ஈடாகாது. அதைத் திரும்ப ஏற்ற ஸ்டீம் கணக்கு வேண்டும்.

பழைய கார்ட்ரிட்ஜ்களில் பேட்டரி தீர்ந்தால் சேவ் அழியும். போகிமான் கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்களில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் சீக்கிரமே காலியாகும். முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடர் வைத்து சேவ் கோப்பைக் கணினியில் எடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றினாலே சேவ் போய்விடும். இந்தக் கார்ட்ரிட்ஜ் திருகுகளுக்கென்றே உள்ள 3.8 மி.மீ. 'கேம்பிட்' ஸ்க்ரூடிரைவரால் திறந்து, பழைய பேட்டரியில் உள்ள எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் தகட்டுக் கால்கள் வைத்த பேட்டரியை வாங்கி, அந்தக் கால்களில் சால்டரிங் செய்யுங்கள். வெறும் காயின் செல் மீது நேரடியாக சால்டரிங் வைத்தால் சூட்டில் அது வெடிக்கக்கூடும். பிளஸ், மைனஸைப் பலகையில் உள்ள குறியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூடுங்கள்.