வில் இழைக்கிறவர்களுக்கு: கோத்தகிரிப் பட்டறையிலிருந்து கேள்வி பதில்

பட்டறைக்கு நேரில் வந்து கேட்டது, வாட்ஸ்அப்பில் வந்தது எல்லாம் சேர்ந்துபோச்சு. ஒரே மூச்சில் பதில் எழுதிடறேன். முதுகு என்றால் வில்லில் குறியைப் பார்க்கிற பக்கம், வயிறு என்றால் நம்மைப் பார்க்கிற பக்கம். இது தெரிந்தால் போதும், மற்றது புரியும்.

குன்னூர்: அண்ணா, இரண்டு கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தி ஆன்லைனில் விலை ஜாஸ்தி. அது இல்லாமல் ஆரம்பிக்க முடியாதா?

தாராளமா முடியும் தம்பி. ஆசாரிகள் வைத்திருக்கிற வாச்சி போதும். வீட்டில் கவாத்துக் கத்தி இருந்தால் அதுவும் ஆகும், தேயிலைத் தூரையே சீவுகிற கத்தி இதைச் சீவாதா? மரத்தில் வரைந்த வில் கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் வெளியிலேயே நிறுத்திக்கோ. என்னுடைய இழுப்புக் கத்தி பழைய ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்தது. ஒரு பக்கம் மட்டும்தான் சாணை, பதினைந்து வருஷமா உழைக்குது.

கூடலூர்: இழைப்புளி வைத்தே முழு வில்லையும் முடிக்கலாமா?

பக்கவாட்டை நேராக்க மட்டும். வயிற்றில் கணு வந்தால் பிசிறைப் பிடுங்கிடும்.

தாண்டிக்குடி: ஐயா, என் வில் பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரே இடத்தில் மடங்குது. அங்கே மட்டும் தடிமனாக்க வழி உண்டா?

கிடையாதுங்க. அங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டுட்டு, இனி அந்த இடத்தில் கருவியே படக்கூடாது. அதற்கு இரண்டு பக்கமும் விறைப்பாக நிற்கிற இடங்களைச் சுரண்டி, அதன் அளவுக்கு இறக்கணும். இழுக்க 40 பவுண்டு விசை வேணும்னு நினைச்ச வில் 30-க்கு வரும், வரட்டும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, விறைப்பு தடிமனின் மும்மடியைப் (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைஞ்சா விறைப்பில் 27 சதவீதம் போயிடும். அகலத்தில் அதே அளவு எடுத்தா 10 சதவீதம்தான். அதனால்தான் ராஸ்ப் என்கிற முரட்டுப் பல் அரத்தைச் சீக்கிரம் கீழே வைக்கச் சொல்றேன். வில் கொஞ்சம் வளைய ஆரம்பிச்சதும் சுரண்டு தகடுதான். உடைந்த ரம்பத் துண்டு, கண்ணாடிச் சில்லு, எது வேணா ஆகும். செங்குத்தாப் பிடிச்சுச் சுரண்டினா சுருள் சுருளா, வெங்காயச் சருகு மாதிரி வரணும். தூளா வந்தா முனை மழுங்கிடுச்சு.

ஆங்கிலத்தில் டில்லரிங் என்கிற வளைவு பார்க்கும் வேலைக்கு, சுவரில் ஒரு கட்டையில் பிடியை உட்கார வைத்து, கீழே கப்பி போட்டு, நாணில் கட்டின கயிற்றை நீங்க பத்தடி தள்ளி நின்னு இழுங்க. நாணுக்கும் கயிற்றுக்கும் நடுவில் பச்சைத் தேயிலை எடை போடுகிற தொங்கு தராசை மாட்டிட்டா பவுண்டுக் கணக்கும் கிடைச்சிடும் (ஒரு கிலோ 2.2 பவுண்டு). நினைச்ச பவுண்டுக்கு மேல் ஒருமுறைகூட இழுக்காதீங்க. சுரண்டின பிறகு இருபது முப்பது தடவை அளவாக இழுத்துவிட்டுத்தான் மறுபடி பார்க்கணும், மரம் உடனே பதில் சொல்லாது.

கண்ணு ஏமாத்தும். ஆறங்குல நேர்க்கட்டை ஒன்றின் நடுவில் துளை போட்டு பென்சில் செருகுங்க. வில் வளைந்திருக்கும்போது, அதிகமா வளைகிற இடத்தில் பென்சில் மயிரிழை தொடாமல் இருக்கும்படி வச்சுட்டு, கட்டையை வயிற்றுப் பக்கம் நெடுக ஓட்டுங்க. எங்கே கோடு விழுதோ அங்கே விறைப்பு. அதைச் சுரண்டுங்க.

ஊட்டி: ஆடி மாசம் இழைத்த வில் நாண் கழட்டின பிறகும் வளைஞ்சே நிற்குது. ஏன்?

ஈரம். எனக்கும் முதல் வில் இப்படித்தான் போச்சு. மூணு மாசம் காஞ்ச மரம்னு நம்பி மழையில் வளைச்சேன், வில்லுக்குப் பதிலா வளையம் கிடைச்சது. மரத்தின் ஈரம் 10 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கணும். மீட்டர் வேண்டாம். மளிகைத் தராசில் மரத்தைத் தினமும் எடை போடுங்க, ஒரு வாரம் எடை மாறலைன்னா அந்த அறைக்குக் காஞ்சது. மழைக்காலத்தில் அந்த அறையே ஈரம் என்பதால் அப்புறம் அடுப்படிப் பரண். பச்சை மரத்தை நேரே பரணில் ஏத்தினா வெடிச்சிடும், இரு முனையிலும் பெயிண்ட் பூசி முதலில் நிழலில் வையுங்க.

கொடைக்கானல்: எங்க தோட்டத்து மரத்தையே வெட்டிக்கலாமா?

சொந்தத் தோட்டமா இருந்தாலும், 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துகிற ஊரில் அனுமதி வேணும். மர டிப்போவில் தடசு மரம் கிடைச்சா வாங்குங்க, வண்டிக்கும் கருவிப் பிடிக்கும் போன மரம், வளைந்து கொடுக்கும். இல்லைன்னா கெட்டியான மூங்கில். அதன் வெளித்தோல்தான் முதுகு, அதைச் சீவாதீங்க. கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) இழை முறுக்கிப் போகும், காயும்போது கோணும். அப்புறம், வில்லோடு காட்டுப் பக்கம் போகாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டத்தில் வேட்டைக்கு இடமில்லை.

கோத்தகிரி: என் பையனுக்கு 11 வயசு. எத்தனை பவுண்டு?

பதினைந்துக்குள் வையுங்கம்மா. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க, அதில்தான் நிறைய வில் உடையுது. தோடர்கள் வழக்கத்தில் கர்ப்பிணி மனைவிக்குக் கணவர் கொடுக்கிற சின்ன வில் ஒன்று உண்டு, பிறக்கிற குழந்தைக்குத் தகப்பன் யார் என்று அதை வைத்துத்தான். எய்யத் தேவையில்லாத வில், பவுண்டுக் கவலையும் இல்லை!

குன்னூர் தம்பியே மறுபடி: நாண் காடி, அதான் முனையில் நாண் மாட்டுகிற பள்ளம், எதால் அறுக்கணும்?

ரம்பம் வேண்டாம். செயின்ஸா தீட்டுகிற 4 மில்லிமீட்டர் உருட்டு அரம் வாங்கு. பக்கவாட்டில் மட்டும் சாய்வா அராவு, முதுகில் குறுக்கே அராவினா இழை அறுந்து முனை கழன்றிடும். நாண் மாட்டுகிறதுக்கு முன்னால் உப்புத்தாள் போட்டு அந்த ஓரத்தை வழவழப்பாக்கிடு.