கலாம் வீட்டுக்கு ஒரு நடை: வாசகர் கேள்வி பதில்

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் ராமேஸ்வரம் வீட்டைப் பற்றி வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

"கலாம் வீடும் கலாம் நினைவிடமும் ஒன்றுதானா? போன முறை ஆட்டோவில் 'கலாம் மியூசியம்' என்று சொன்னோம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய மண்டபத்தில் இறக்கிவிட்டார். வீட்டைப் பார்க்காமலே ரயிலேறிவிட்டோம்."
வாசகி, கரூர்

இரண்டும் வேறு வேறு இடங்கள். உங்களை இறக்கிவிட்ட இடம் பேக்கரும்பு. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மறைந்த கலாமை ஜூலை 30 அன்று அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தில் டி.ஆர்.டி.ஓ. என்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்பு கட்டிய தேசிய நினைவகம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. பாம்பன் பாலம் தாண்டி வரும்போது, ராமேஸ்வரம் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே நெடுஞ்சாலையோரம் அதைப் பார்க்கலாம்.

வீடு இருப்பது ஊருக்குள், பள்ளிவாசல் தெருவில். மசூதித் தெரு என்றும் சொல்வார்கள். ராமநாதசுவாமி கோயிலிலிருந்து பத்து நிமிட நடை. ஆட்டோவில் 'மியூசியம்' என்ற சொல்லே வேண்டாம். "கலாம் வீடு, பள்ளிவாசல் தெரு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். நினைவகத்துக்குப் போக "பேக்கரும்பு" என்ற ஒரு சொல் போதும்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், வீட்டைத்தான் சொல்வோம். நினைவகத்தில் ஏவுகணை மாதிரிகளையும் ஓவியங்களையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருபவர்களுக்கு அது 'இவ்வளவுதானா' என்று தோன்றிவிடும். வீட்டைப் பார்த்துவிட்டுப் பேக்கரும்புக்குப் போனால், எந்தத் தெருவிலிருந்து கிளம்பியவர் எங்கே போனார் என்ற தூரம் மனதில் பதியும்.

"கலாம் பிறந்த அதே வீடுதானா இது?"
வாசகர், சிவகாசி

அதே தெரு, குடும்பத்தின் அதே வீடு. ஆனால் கட்டடம் அப்படியே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய, ஓரளவு பெரிய வீடு என்று கலாம் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1931 அக்டோபர் 15 அன்று அவர் பிறந்தது அந்த வீட்டுக் காலத்தில். இப்போது நீங்கள் பார்ப்பது பின்னால் மாற்றிக் கட்டிய மாடி வீடு. பழைய சுவரையும் அடுப்படியையும் தேடிப் போனால் கிடைக்காது.

"உள்ளே என்ன இருக்கிறது? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? குழந்தைகளுக்குப் புரியுமா?"
வாசகி, திருப்பூர்

வீட்டின் மாடியில் காட்சிக்கூடம். புகைப்படங்கள், விருதுகள், பட்டங்கள், நூல்கள்தான் பெரும்பகுதி. வரிசையோடு நகர்ந்தால் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் தெரிந்துகொள்ளாமல் போனால், கண்ணாடிக்குள் இருப்பதெல்லாம் ஒன்றுபோலத் தெரியும். குறிப்பாக விருதுகள். பத்ம பூஷண் 1981, பத்ம விபூஷண் 1990, பாரத ரத்னா 1997. மூன்றுமே அவர் குடியரசுத் தலைவர் ஆவதற்கு முன்பே வந்தவை. பதவியேற்றது 2002 ஜூலை 25. இந்த நான்கு ஆண்டுகளையும் குழந்தையிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படங்களைப் பார்க்கும்போது 'இது பதவிக்கு முன்பா, பின்பா' என்று அதுவே கண்டுபிடிக்கத் தொடங்கும்.

ராக்கெட் படங்களுக்கு முன்னால் சொல்ல வேண்டிய கதை, செயற்கைக்கோளை ஏவ இந்தியா உருவாக்கிய முதல் ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3. 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் ஏவுதல் தோற்று வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம்தான். அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனபோது, பத்திரிகையாளர்களிடம் பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார் தவான். வெற்றிப் படத்தை மட்டும் காட்டிவிட்டு நகராதீர்கள்.

பிறகு தெருவில் இறங்கி நில்லுங்கள். வீட்டைப் பார்க்க வருபவர்கள் தவறவிடுவது இந்தத் தெருவைத்தான். 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது கலாமுக்கு எட்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. பொறுக்கிச் சேர்த்து இதே தெருவில் இருந்த மளிகைக் கடையில் போடுவார். ஒரு நாள் சேகரிப்புக்கு ஒரு அணா கிடைக்கும். போரின்போது ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போகத் தொடங்கியதும், தனுஷ்கோடி வழியில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் நாளிதழ்க் கட்டுகளை எடுப்பதில் தன் உறவினர் சம்சுதீனுக்கு உதவினார். அவர் உழைத்துப் பெற்ற முதல் கூலி அதுதான். குழந்தையின் கையில் நாலு புளியங்கொட்டையைக் கொடுத்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

நேரம் இருந்தால் ராமர் தீர்த்தம் வரை போய் வாருங்கள். சீதா ராம கல்யாண உற்சவத்தில் கோயில் திருமேனிகளைக் குளத்தின் நடுவே கொண்டுபோக, தனி மேடை அமைத்த படகுகளை ஏற்பாடு செய்தது கலாமின் குடும்பம். தந்தை ஜைனுலாபுதீனும் கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகளும் நெருங்கிய நண்பர்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து கோயிலுக்கு நடந்துபார்த்தால் அந்த நட்பு எவ்வளவு இயல்பாக இருந்திருக்கும் என்று கால்களுக்கே தெரியும்.

"படம் எடுக்கலாமா?"
வாசகர், ஈரோடு

தெருவிலிருந்து வீட்டு முகப்பை எடுங்கள். உள்ளே, கேட்காமல் கைப்பேசியைத் தூக்காதீர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அது குடும்பத்தின் வீடு. வாசலிலும் படியிலும் நின்று செல்ஃபி எடுப்பதால் பின்னால் வருபவர்கள் தெருவில் தேங்கிப்போகிறார்கள்.

"என் அப்பாவுக்கு 78 வயது, மூட்டு வலி. மாடி ஏற முடியுமா? மதுரையிலிருந்து ஒரே நாளில் கோயிலும் வீடும் முடிக்க நினைக்கிறோம்."
வாசகி, மதுரை

படியேறித்தான் போக வேண்டும். கூட்டம் இருந்தால் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஒருவருக்கொருவர் ஒதுங்க வேண்டியிருக்கும். அதுதான் முதியவர்களைத் தடுமாற வைக்கிறது. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, நீங்கள் ஒரு படி பின்னால் நின்று ஏற்றுங்கள். முடியாது என்றால் வருந்த வேண்டாம், பேக்கரும்பு நினைவகம் விசாலமானது, அப்பாவுக்கு அது சுலபம்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். 2022 டிசம்பர் முதல் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனதால் மண்டபம் ரயில் நிலையத்திலேயே இறங்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தாகிவிட்டது. ரயில் ராமேஸ்வரம் வரை போகிறது.

ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். கோயில் மதியம் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத் திறக்கும். காலையில் 22 தீர்த்தம் ஆடி, தரிசனம் முடித்து, உடை மாற்றி, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். தீர்த்தமாடிய ஈரத் துணியோடு நேரே போகிறவர்கள் உண்டு. படியெல்லாம் சொட்டிச் சொட்டி அடுத்தவர் வழுக்கி விழ நேரும். ஊர் திரும்பும்போது பேக்கரும்பு வழியில்தான் வரும், அதைக் கடைசியில் வைத்தால் தனி அலைச்சல் இல்லை.

தனுஷ்கோடியையும் இதே நாளில் நுழைக்காதீர்கள். அதன் கடைக்கோடியான அரிச்சல்முனை போய்த் திரும்பவே அரை நாள் கேட்கும். இரவு தங்கினால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எந்த நாள்களில் போகக் கூடாது?"
வாசகர், நாகர்கோவில்

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகா சிவராத்திரி. ஊரே நிரம்பியிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில், நண்பகலை ஒட்டி, பள்ளிவாசல் தெருவைத் தொழ வருபவர்களுக்கு விட்டுவிடுங்கள். அக்டோபர் 15, ஜூலை 27 இரண்டும் அஞ்சலி செலுத்த நல்ல நாள்கள். நின்று நிதானமாகப் பார்க்க ஏற்றவை அல்ல.

"எங்கள் பள்ளியிலிருந்து 40 மாணவர்களை அழைத்துப் போகிறோம். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?"
ஆசிரியை, விருதுநகர்

பேருந்தைத் தெருவுக்குள் கொண்டுபோக முயலாதீர்கள். வெளியே நிறுத்தி நடந்து வாருங்கள். 40 பேரையும் ஒன்றாக மாடியேற்றினால் முன்னால் நிற்கும் எட்டுப் பேர்தான் எதையாவது பார்ப்பார்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒரு குழு மேலே இருக்கும்போது மற்றவர்கள் கோயில் வெளிவீதி, ராமர் தீர்த்தம் என்று சுற்றட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியர் கட்டாயம்.

கேள்வித்தாள் கொடுப்பதாக இருந்தால் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். இருபது கொடுத்தால் பிள்ளைகள் படத்தைப் பார்க்காமல் விளக்கக் குறிப்பை நகலெடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு கேள்வியை மட்டும் நாங்கள் சொல்கிறோம்: ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கூட்டுப்பொருள் வேறு எதற்குப் பயன்பட்டது? போலியோ பாதித்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலணைகளை (காலைத் தாங்கும் காலிப்பர்களை) இழுத்துக்கொண்டு நடப்பதை ஹைதராபாத் மருத்துவமனை ஒன்றில் பார்த்த கலாம், அந்தப் பொருளிலேயே 300 கிராம் எடையில் காலணை செய்ய வைத்தார். ஒரு கையில் மூன்று கிலோ அரிசிப் பை, மறு கையில் 300 கிராம் பொட்டலம் கொடுத்துவிட்டு இதைக் கேளுங்கள்.

"அங்கே சங்கு, சிப்பிப் பொருள்கள் வாங்கலாமா? கேரளாவில் ஒருவரிடம் பறிமுதல் செய்தார்கள் என்று கேள்விப்பட்டோம்."
வாசகர், தேனி

ஊர் முழுக்கச் சங்கு, சிப்பிக் கடைகள்தான். சாதாரண வெண்சங்கும், சிப்பியில் செய்த மாலைகளும் வாங்குவதில் சிக்கல் இல்லை. பவளத் துண்டு, காய்ந்த கடற்குதிரை இரண்டையும் யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பதே குற்றம். சங்குகளிலும் சில இனங்கள் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. சங்கின் பெயர் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் பெரிய அலங்காரச் சங்கு வாங்க வேண்டாம். எதை வாங்கினாலும் பொருளின் பெயர் எழுதிய ரசீதாகக் கேட்டு, பொருளோடு வைத்துக்கொள்ளுங்கள்.