தலையணை உறைக்குள் பதினொரு தாள்கள்

அன்புள்ள அக்கா,

எனக்கு எட்டு வயதில் ஒரு மகன். சாப்பாட்டு விஷயத்தில் நான் ஆரம்பத்திலிருந்தே ரொம்பக் கண்டிப்பு. வீட்டில் இனிப்பு கிடையாது, பாக்கெட்டில் வரும் எதுவும் கிடையாது. பிறந்தநாள் விழாவுக்கு அனுப்பினால்கூட கேக் கொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தட்டில் வைத்த காய்கறியை முடிக்காமல் எழுந்திருக்க விடமாட்டேன். இனிப்பு உள்ளே போனால் அவன் ஆட்டம் தாங்க முடியாது, அது ஒரு காரணம். முக்கியமான காரணம் என் அப்பா. சர்க்கரை நோயால் அவருக்குக் கால் விரலை எடுக்க வேண்டி வந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

போன வாரம் துவைப்பதற்காகத் தலையணை உறையைக் கழற்றினேன். உள்ளே பதினொரு சாக்லேட் தாள்கள், ஒவ்வொன்றும் நகத்தளவுக்கு மடிக்கப்பட்டு இருந்தன. போன மாதம் ஒரு விழாவில் வாந்தி எடுக்கும்வரை கேக் தின்றான் என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். என் கணவர் ரகசியமாக வாங்கிக் கொடுக்கிறாரோ என்றும் சந்தேகம். மகனிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை. இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா? தினமும் பையைச் சோதிக்கலாமா? என் பிள்ளை ஏன் என்னிடம் மறைக்கிறான்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் பதினொன்று என்ற எண்ணிக்கையைவிட அந்த மடிப்புதான் என்னைத் தொந்தரவு செய்தது. இனிப்புப் பிடித்த பிள்ளை தின்றுவிட்டுத் தாளை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். உங்கள் மகன் குப்பைத் தொட்டியை நீங்கள் பார்ப்பீர்கள் என்று யோசித்திருக்கிறான், பையைப் பார்ப்பீர்கள் என்று யோசித்திருக்கிறான், கடைசியில் தன் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான். எட்டு வயதில் இவ்வளவு யோசனை ஒரு சாக்லேட்டுக்காக.

நான் இதை வெளியில் நின்று சொல்லவில்லை. என் மகளுக்கு இப்போது 26 வயது. இரண்டு வருடம் முன்பு விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு நாள் நடுராத்திரி சமையலறையில் விளக்கு தெரிந்ததால் எழுந்து போனேன். அவள் பிஸ்கட் பாக்கெட்டைத் துண்டில் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்கக் கூடாது என்று. என்னைப் பார்த்ததும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவள் சம்பாதித்து அவளே வாங்கிய பிஸ்கட். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். "பசிச்சாக்கூட முதல்ல யாராவது பார்க்கிறாங்களான்னுதான்மா பார்ப்பேன்" என்றாள். அவள் சின்ன வயதில் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன், அலமாரிக்குப் பூட்டுப் போட்டவள் நான். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டபிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் கேட்ட "ஏன் மறைக்கிறான்" என்பதற்குக் கிட்டத்தட்ட நேரடியான பதில் ஒரு ஆய்வில் இருக்கிறது. 1999ல் ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பர்ச் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத பிள்ளைகளை மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். ஒரு தின்பண்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று நடுவில் கண்ணாடி போலத் தெரியும் டப்பாவுக்குள் இருக்கும், இடையில் சில நிமிடங்கள் மட்டும் அதைத் திறப்பார்கள். பிள்ளைகளின் பேச்சு முழுக்க அந்த டப்பாவைப் பற்றியே இருந்தது, அதையே கேட்டார்கள், அதன் மேலேயே கண்ணாக இருந்தார்கள். மூடி வைத்ததே அதன் மதிப்பை ஏற்றிவிட்டது. அதே குழு பின்னால் சிறுமிகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தது. மதியச் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு, பொம்மைகளும் தின்பண்டங்களும் இருக்கும் அறையில் அவர்களைத் தனியாக விட்டுப் பார்த்தார்கள். 5 வயதில் அம்மாவின் கட்டுப்பாடு அதிகமாக இருந்த சிறுமிகள், 7, 9 வயதுகளில் பசியே இல்லாதபோதும் கூடுதலாகத் தின்றார்கள். 2003ல் இது வெளியானது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இதை வைத்து "எல்லாம் என்னால்தான்" என்று நீங்கள் உடைந்துபோக வேண்டாம். சாப்பாட்டில் ஆசை அதிகம் உள்ள பிள்ளையைப் பார்த்துத்தான் பெற்றோர் கட்டுப்பாட்டைக் கூட்டுகிறார்கள் என்பதும் உண்மை, எது முதலில் வந்தது என்று பிரிப்பது சுலபமில்லை. உங்கள் மகனின் இனிப்பு ஆசையை நீங்கள் உண்டாக்கவில்லை, பிள்ளைகளுக்கு இனிப்பு நாக்கு பெரியவர்களைவிட இயல்பிலேயே கூடுதல்தான், பதின்பருவம் தாண்டும்போது அது தானாகக் குறையும். கண்டிப்பால் வந்தது அந்த ஆசையைச் சுற்றியிருக்கும் ஒளிவுமறைவு.

சரி, இப்போது தட்டை முடிக்கும் விஷயம். உங்கள் கடிதத்தில் இதை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு என்னவோ பிரச்சினையின் பாதி இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஒரு குழந்தை முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகிறது. அதற்குப் பிறகு வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. நாம்தான் குறையாத பசியை எதிர்பார்த்துக் கரண்டியோடு பின்னால் ஓடுகிறோம். 1991ல் பர்ச் குழுவினர் 2 முதல் 5 வயது வரையுள்ள 15 பிள்ளைகள் சாப்பிட்டதை ஒவ்வொரு வேளையும் கணக்கெடுத்தார்கள். ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் பெரிய ஏற்ற இறக்கம். ஒரு நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஒரு வேளை குறைத்தால் அடுத்த வேளையில் உடம்பு அதைச் சரிசெய்துகொள்கிறது, யாரும் கணக்குச் சொல்லிக் கொடுக்காமலே. 2006ல் வந்த இன்னொரு ஆய்வில் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்து, "முடி, முடி" என்று வற்புறுத்திப் பார்த்தார்கள். வற்புறுத்தாத நாட்களில்தான் அவர்கள் அதிகம் குடித்தார்கள், சூப்பைக் குறை சொல்வதும் குறைவாக இருந்தது.

இப்போது உங்கள் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் வயிறு போதும் என்று சொல்கிறது, நீங்கள் இன்னும் இருக்கிறது முடி என்கிறீர்கள். அவன் வயிற்றை ஒதுக்கிவிட்டு உங்கள் பேச்சைக் கேட்கப் பழகிவிட்டான். விழாவில் கேக் முன்னால் நிற்கும்போது நீங்கள் அங்கே இல்லை. வயிற்றின் குரலைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும், அதைத்தான் அவன் பழகவே இல்லையே. இது மறுபடி எப்போது கிடைக்குமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டால் வாந்தி வரும்வரை தின்னாமல் என்ன செய்வான்?

இனிப்பு தின்றால் ஆட்டம் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதைச் சத்தியமாக நம்பியிருந்தேன். 1994ல் ஒரு ஆய்வில் 5 முதல் 7 வயதுப் பையன்களுக்குச் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு பகுதி அம்மாக்களிடம் மட்டும் நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்றார்கள். அந்த அம்மாக்கள்தான் தங்கள் பிள்ளை அதிகமாக ஆடுகிறான் என்று மதிப்பிட்டார்கள். அதோடு நிற்கவில்லை, அவர்கள் பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஒட்டி நின்றார்கள், அதிகம் குறை சொன்னார்கள். விழாவில் பிள்ளைகள் ஆடுவது விழா என்பதால், கூட்டத்தால், தூக்கம் கெட்டதால். சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1995லேயே சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. உங்கள் அப்பாவின் கால் விரலை நான் மறக்கவில்லை. குடும்பத்தில் சர்க்கரை நோய் இருக்கும்போது கவனம் வேண்டும், மகனின் எடை, ஓட்டம், தூக்கம் பற்றி மருத்துவரிடம் பேசி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னதும் ஒரு நாள் சாப்பாட்டில் கிடைக்கும் மொத்த சக்தியில் (கலோரியில்) சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு போன்றவற்றிலிருந்து வருவது 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றுதான். கண்டிப்பு எந்த இடத்தில் என்பதுதான் என் கேள்வி.

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1926ல் தொடங்கிய ஒரு பரிசோதனை உண்டு. தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள், 34 உணவுகள். தட்டுகளில் வைத்துவிட்டுச் செவிலியர் பேசாமல் உட்கார்ந்திருப்பார், குழந்தை கை காட்டியதை மட்டும் ஊட்டுவார். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகத் தின்றது, எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. பிள்ளைகளுக்கே எல்லாம் தெரியும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். 1939ல் டேவிஸே சொன்னார், சூட்சுமம் அந்த 34 உணவுகளின் பட்டியலில் இருக்கிறது என்று. அதில் சர்க்கரையோ ஆலையில் பதப்படுத்திய பண்டமோ இல்லை. பட்டியல் பெரியவர்கள் கையில், தேர்வு குழந்தையின் கையில்.

எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் பின்னால் வீடுகளுக்காகச் சொன்னதும் இதையொட்டியதுதான்: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். ஆகவே கடையில் எவ்வளவு கண்டிப்பு வேண்டுமானாலும் காட்டுங்கள். வீட்டுக்குள் வராத பாக்கெட்டுக்குப் பூட்டு வேண்டாம், சண்டையும் வேண்டாம். சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டால் கண்ணை அவன் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது என்பதால் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டால் மட்டும் போதாது, பார்வையும் போலீஸ் வேலை செய்யும். காய்கறி தொடர்ந்து மேஜையில் இருக்கட்டும், நீங்கள் ரசித்துச் சாப்பிடுங்கள். புதிய ஒன்றை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கு மேல்கூட ஆகலாம், நாம் மூன்றாவது தடவையிலேயே தோற்றுப்போய்க் கத்த ஆரம்பித்துவிடுகிறோம்.

இனிப்புக்கு வாரத்தில் சில நாட்களை அவனுக்குத் தெரியும்படி வைத்துவிடுங்கள். அந்த நாளில் சாப்பாட்டோடு சேர்த்தே ஒரு பங்கு வையுங்கள், முதலில் தின்றாலும் பரவாயில்லை. காய்கறியை முடித்தால்தான் இனிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், அது காய்கறியைத் தண்டனையாகவும் இனிப்பைப் பரிசாகவும் ஆக்கிவிடும். கேக் கொடுக்காதீர்கள் என்று விழா வீட்டுக்குச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வாமை, கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத நோய் மாதிரி ஏதாவது இருந்தால் கதை வேறு, அங்கே சமரசம் கிடையாது. உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கணவர்மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அவர் வாங்கிக் கொடுப்பது உண்மையாக இருந்தால், "அம்மாகிட்ட சொல்லாதே" என்ற வாக்கியமும் சேர்ந்தேதான் போயிருக்கும். அந்த சாக்லேட்டைவிட இந்த வாக்கியம் மோசம். அவனிடம் பேசுவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள்.

பையைச் சோதிக்காதீர்கள். சோதித்தால் தாள் வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். தளர்த்தி சில மாதங்கள் ஆனபிறகும் ஒளித்து நிறையத் தின்பது தொடர்ந்தால், நிறுத்த முடியவில்லை என்று அவனே சொன்னால், பிள்ளைகள் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள்.

தாள்களைப் பார்த்ததை அவனிடம் சொல்லிவிடுங்கள். உறை துவைத்து வந்ததை அவன் கவனித்திருப்பான், இப்போது தினமும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருப்பான். "ஏன் செஞ்சே" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் அழுகைதான் வரும். "தலையணைக்குள்ள இருந்த தாளையெல்லாம் பார்த்தேன். எனக்குக் கோபம் இல்லை. இனிமே நீ ஒளிச்சு வெச்சுச் சாப்பிட வேண்டாம், எந்தெந்த நாள்னு நாம சேர்ந்தே முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். அவன் உடனே நம்பமாட்டான், எட்டு வருடப் பழக்கம். இன்னும் சில வாரங்கள் தாள்கள் கிடைக்கலாம். கிடைத்தால் எண்ணாமல் குப்பையில் போட்டுவிட்டு உறையைத் துவையுங்கள்.

அன்புடன்,
அக்கா