ஒரே சொல், பாராட்டும் வசவும்

கேள்வி: ஆங்கிலத்தில் நிறையப் படிப்பவரை 'அவிட் ரீடர்' என்று மெச்சுகிறார்கள். அந்த நினைப்பில் இத்தாலிய நண்பர் ஒருவரிடம் 'நீங்கள் ஆவிதோ' என்றேன், முகம் சுண்டிவிட்டது. இரண்டும் ஒரே சொல் இல்லையா? நம் 'அவா'வும் இதற்கு உறவா?

பதில்: ஒரே சொல்தான். லத்தீனில் 'அவேரே' என்றால் ஏங்குவது. அதிலிருந்து வந்தது 'அவிதுஸ்'. புகழுக்கு ஏங்குகிறவனும் அவிதுஸ், காசுக்குப் பறக்கிறவனும் அவிதுஸ், எதற்கு என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்தான் காட்டும். பிரெஞ்சு 'அவீத்', ஸ்பானிய 'ஆவிதோ' இரண்டையும் இன்றும் பெரும்பாலும் அப்படியே அறிவுக்கு, செய்திக்கு, பணத்துக்கு என்று ஒன்றைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். இத்தாலியிலும் 'ஆவிதோ தி சபேரே' என்றால் அறிவுத்தாகம் உள்ளவர், நல்ல பேச்சுதான். ஆனால் எதையும் சேர்க்காமல் ஒருவரை மொட்டையாக 'ஆவிதோ' என்றால் பேராசைக்காரர் என்றே காதில் விழும். உங்கள் நண்பருக்கும் அப்படித்தான் விழுந்திருக்கிறது, பாவம்.

ஆங்கிலம் 'அவிட்' என்பதை 18-ஆம் நூற்றாண்டில் எடுத்து, வாசகர், ரசிகர் என்ற சொற்களுக்கு முன்னால் வைத்துப் பழக்கியது, அதனால் கறை ஏறக்குறைய போய்விட்டது. அதே வேரில் பிறந்த 'அவரிஸ்' மட்டும் பணப்பேராசையாகவே நின்றுவிட்டது. இன்னொரு பிள்ளையும் உண்டு: துணிவதைக் குறிக்கும் லத்தீன் 'அவுதேரே' அவிதுஸிலிருந்து வந்ததுதான். ஏக்கம் முற்றினால் துணிச்சல் வரும் என்று அந்த மொழி பார்த்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த உறவு இது.

பழியே இல்லாமல் இந்தச் சொல் வாழும் இடம் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு. அதிலுள்ள 'அவிடின்' என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைக் கண்டால் விடாது, ஒரு மூலக்கூறு நான்கு பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குக் கிடைக்கவே விடாது. அந்தப் பசியைப் பார்த்துத்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். முட்டையை நன்றாக வேகவைத்தால் பிடி விட்டுப்போகும்.

சரி, 'அவா'. இது அவாவுதல் என்ற நம் வினையோடு சேர்ந்தது, லத்தீனோடு ஒட்டில்லை. ஓரிரு ஒலி ஒத்துப்போவது எந்த இரு மொழிக்கும் நடக்கும், ஒலிகள் ஒழுங்காகச் சொல்லுக்குச் சொல் மாறி வந்தால்தான் உறவு என்பார்கள்.

நண்பரிடம் அடுத்த முறை 'லெத்தோரே அப்பாஸ்ஸியொனாத்தோ' என்று சொல்லுங்கள், படிப்பில் ஊறியவர் என்று அர்த்தம், எந்தப் பக்கம் பார்த்தாலும் பாராட்டுதான்.