மழைக்காட்டு ஆய்வு நிலையத்துக்கு மகளை அனுப்பலாமா? ஒரு பெற்றோருக்குப் பதில்

அன்புடையீர்,

உயிரியலில் இளநிலைப் பட்டம் முடிக்கவிருக்கும் உங்கள் மகள், தொலைதூர வெப்பமண்டல மழைக்காட்டில் உள்ள கள ஆய்வு நிலையம் ஒன்றில் சில மாதங்கள் ஆய்வு உதவியாளராகப் பணிபுரிய விரும்புவதாகவும், அது பாதுகாப்பானதா, பிற்காலத்தில் பிழைப்புக்கு உதவுமா என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். என் கருத்தில், அவர் போகலாம்; ஆனால் எந்த நிலையம், யாருடைய ஆய்வுத் திட்டம், என்ன நிபந்தனைகள் என்பவற்றை விசாரித்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த வேலையின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். பனாமா கால்வாய்க்காக ஆற்றைத் தடுத்து ஏரி உருவாக்கப்பட்டபோது, நீர் சூழ்ந்து தீவாக எஞ்சிய குன்றுதான் பாரோ கொலராடோ. 1923இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவு, 1946 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் ஆகியோர் அங்கே 50 ஹெக்டேர் பரப்பை அளந்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய தண்டு முதல் எல்லா மரங்களுக்கும் எண் இட்டு, இனம் கண்டு, இருப்பிடத்தையும் வரைபடத்தில் குறித்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான தண்டுகள், ஏறத்தாழ 300 இனங்கள். ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அத்தனையும் மறுபடி அளக்கப்படுகின்றன.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே காட்டில் இத்தனை மர இனங்கள் ஒன்றையொன்று ஒழித்துவிடாமல் எப்படி வாழ்கின்றன என்பது சூழலியலின் பெரிய கேள்விகளுள் ஒன்று. தாய்மரத்தின் அடியில் விழும் விதைகளையும் நாற்றுகளையும் அந்த இனத்தையே தாக்கும் பூச்சிகளும் நோய்க்கிருமிகளும் அழித்துவிடுவதால் பிற இனங்களுக்கு இடம் கிடைக்கிறது என்று டேனியல் ஜான்சென் 1970இலும் ஜோசப் கானெல் 1971இலும் தனித்தனியே முன்வைத்தார்கள். அதைச் சோதிக்கப் பல்லாண்டுக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எடுப்பவர்கள் உங்கள் மகளைப் போன்ற உதவியாளர்கள்தான். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் விட்டம் அளப்பதும், அடிமரம் பலகைபோல் விரிந்திருந்தால் அதற்கு மேலே அளந்து அந்த உயரத்தையும் குறிப்பதும், மழையில் நனைந்து திரும்பிய மாலையில் அன்றைய பதிவுகளைக் கணினியில் ஏற்றிச் சரிபார்ப்பதும் அன்றாட வேலை. காட்டின் அழகில் மயங்குவோர் பலர். நூறாவது மரத்தையும் முதல் மரத்தைப் போலவே கவனத்துடன் அளப்பவரே இந்தத் துறையில் நிலைக்கிறார். உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை உண்டா என்பதை நீங்களே நன்கு அறிவீர்கள்.

பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் பாம்பும் சிறுத்தையும் நினைவுக்கு வருகின்றன. பாம்புக்கு உயரமான காலணியும் கவனமான நடையும் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் முறிந்து விழும் கிளைகள், திடீரென்று பெருகும் ஆறுகள், வழுக்கல், மலேரியா, எலிக்காய்ச்சல், மணல் ஈ கடியால் பரவும் லெய்ஷ்மேனியாசிஸ் ஆகியவையும் அதே அளவு கவனத்துக்கு உரியவை. இவற்றுள் எதுவானாலும், மருத்துவமனைக்கு எவ்வளவு விரைவில் போய்ச் சேரலாம் என்பதே முக்கியம். கோஸ்டாரிகாவின் லா செல்வா நிலையத்துக்குச் சாலை உண்டு. பெருவில் மானு தேசியப் பூங்காவுக்குள் உள்ள கோச்சா காஷுவுக்கு ஆற்றில் படகேறித்தான் போக வேண்டும். ஆகவே செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறதா, முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார், நோயாளியை வெளியேற்றும் ஏற்பாடும் காப்பீடும் உண்டா, காட்டுக்குள் தனியே செல்வதற்கு என்ன விதி என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

பெற்றோர் பலர் கேட்கத் தயங்கும் ஒன்றை நான் வலியுறுத்துகிறேன். தொலைதூர நிலையத்தில் ஆய்வு நெறியாளரே மேலதிகாரியாகவும், பரிந்துரைக் கடிதம் எழுதுபவராகவும், அதே விடுதியில் தங்குபவராகவும் இருக்கக்கூடும். அவரோ சக பணியாளரோ தவறாக நடந்தால், அவருக்குக் கட்டுப்படாத யாரிடம் முறையிடுவது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குத் தெளிவான பதில் இல்லாத திட்டத்தில், அது எவ்வளவு புகழ்பெற்றதானாலும், உங்கள் மகளைச் சேர்க்க வேண்டாம்.

ஊதியமில்லாப் பணிகளும் இத்துறையில் உண்டு. உணவும் தங்குமிடமும்கூடத் தராமல் முழுநேர உழைப்பைப் பல மாதங்கள் கேட்கும் வாய்ப்பைத் தவிர்ப்பதே நல்லது.

எதிர்காலத்தைப் பொறுத்தவரை, நிரந்தர ஆய்வுப் பணியிடங்கள் குறைவு, போட்டியும் கடுமை. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஆனால் களத்தில் கற்கும் திறன்கள் பேராசிரியர் பதவிக்கு மட்டும் உரியவை அல்ல. தானியங்கிக் கேமரா, ஒலிப்பதிவுத் தரவுகளைக் கையாளவும், புள்ளியியல் நிரல் எழுதவும், புவியியல் தகவல் முறையில் வரைபடம் அமைக்கவும் தெரிந்தவருக்கு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளிலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலும் செயற்கைக்கோள் வழியே நிலத்தை ஆராயும் தொலையுணர்வுத் துறையிலும் இடம் உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமை 2025 ஏப்ரலில் ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோள் காட்டு மரங்களின் நிறையை விண்ணிலிருந்து மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீடு சரியா என்று பார்க்கத் தரையில் அளந்த மரங்களின் கணக்குத்தான் தேவைப்படுகிறது. எனவே புறப்படுவதற்கு முன் புள்ளியியலில் அடிப்படைப் பயிற்சியும், நிலையம் உள்ள நாட்டின் மொழியில் பேசும் அளவுக்குப் பழக்கமும் பெறட்டும். மரங்களைப் பட்டையையும் வாசனையையும் கொண்டே இனம் காணும் உள்ளூர் உதவியாளர்களிடம் கற்க வேண்டியது மிகுதி; மொழி தெரியாதவருக்கு அந்தக் கல்வி கிட்டாது.

முனைவர் பட்டத்துக்கு இப்போதே பதிவு செய்ய வேண்டாம். ஒரு பருவம் உதவியாளராக இருந்து பார்க்கட்டும். அதற்கு முன், அதே திட்டத்தில் முன்பு பணியாற்றிய இருவரின் தொடர்பைக் கேட்டு வாங்கி, நெறியாளர் உடனில்லாத வேளையில் உங்கள் மகளே அவர்களுடன் பேசட்டும். தொடர்பைத் தர நிலையம் மறுத்தால், வேறு நிலையத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.